மாமனார் பெயர் பூண்ட தத்துக்கிளி

நண்பகலுக்குள் முகில்கள் ஏறிவந்து மூடிவிடும் என்று அறிந்ததுபோல், கினாபாலு மலை தன் கருங்கற் கொடுமுடிகளை எல்லாம் அவ்விளங்காலையில் மறைப்பின்றிக் காட்டி நின்றது. அதன் கீழைச் சரிவில் வாழும் டூசுன் மக்கள், கிடைத்த வெயிலை வீணாக்க மனமின்றி, ஈரநெல்லைப் பாய்களில் பரப்பிவிட்டுத் தத்தம் வேலைக்கு விரைந்துகொண்டிருந்தனர். ஊருக்குக் கீழே, பாறைக்குப் பாறை தாவி நுரைத்து இறங்கும் சிற்றாற்றின் ஓரத்தில், என்றும் ஈரம் உலராத பாசிக் கற்கள் கிடந்தன. மீன்கூடை வைக்கச் சென்ற முதியவர் கிந்தாவோங் அக்கற்களுள் ஒன்றின்மேல் கையூன்றியபோது, ஒரு துளிப் பாசி துள்ளி அப்பால் விழுந்தது. பாசி துள்ளாது என்று அறிந்த அவர், அதனை உள்ளங்கையில் பொத்தி எடுத்துவந்து மருமகள் ஜுஸ்தினாவிடம் கொடுத்தார்.

ஜுஸ்தினா நகரத்து உயிரினக் காப்பகத்தில் பூச்சிகளை ஆராய்பவள். கையிலிருந்தது வெட்டுக்கிளிக் குலத்துக் குறுந்தத்துக்கிளி என்பதைப் பார்த்தவுடனே உணர்ந்தாள். நெல்மணியினும் சற்றே பெரிதான அவ்வுயிரின் அமைப்பை அறிந்தால், படிக்கும் நீங்களும் வியப்பீர்கள். மற்றத் தத்துக்கிளிகளுக்குக் கழுத்துப்பட்டைபோல் முன்னேயே நின்றுவிடும், தலையை அடுத்த ஓடாகிய தோட்டுப்பலகை, இக்குலத்துக்கு மட்டும் முதுகெல்லாம் வளர்ந்து வால்நுனிவரை போர்வையாய்க் கவிகிறது. முன்சிறகுகளோ இருக்கும் இடம் தெரியாத சிறு செதில்களாய்ச் சுருங்கிவிட்டன. இதன் போர்வை பாசியின் நிறமும் கரடும் பூண்டு, நடுவே மலைமுகடுபோல் உயர்ந்திருந்தது. அத்தகைய முகடு, அதுவரை அறிந்து எழுதப்பட்ட எவ்வினத்துக்கும் இல்லை.

அவளுடைய மயக்கம் அங்கேதான் தொடங்கியது. மீண்டும் ஆற்றுக்குச் சென்று தேடினால், சிலவற்றின் போர்வை உடலோடு முடிந்தது. சிலவற்றின் போர்வை உடலைக் கடந்தும் நீண்டது. ஒன்று பச்சை, மற்றொன்று சாம்பல், இன்னொன்றன் முதுகில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் ஒரு வெண்கோடு. இவை ஓரினமா, ஈரினமா, மூன்றா? காலையில் ஒன்றென்று தோன்றியது மாலையில் இரண்டென்று தோன்ற, ஒரே தாயின் முட்டைகளை ஈரக்கல்லோடு கண்ணாடிப் பேழையில் இட்டு வளர்த்துப் பார்த்தாள். அவ்வொரு தாயின் வயிற்றிலிருந்தே குறும்போர்வையும் நெடும்போர்வையும் பச்சையும் சாம்பலும் பிறந்து வளரக் கண்டபின்னரே, எல்லாம் ஒன்று என்று தெளிந்தாள்.

தெளிந்ததும் அடுத்த மயக்கம் வந்து சேர்ந்தது. ஓர் இனத்துக்குப் பெயரிடுவது எவ்வாறெனின், ஒரேயோர் உடலைத் தெரிந்தெடுத்து ஊசியில் நிறுத்தி, 'இப்பெயர் இவ்வுடலுக்கு உரியது. இதனை ஒத்தவை யாவும் இப்பெயரின' என உலகுக்கு எழுதி அறிவித்தல். உடலைத் தெரிந்தெடுத்துவிட்டாள். பெயரையோ மாமனார் முன்பே முடிவுசெய்திருந்தார்: தம் பெயர்! ஆனால் மாமனாரின் பெயரை மருமகள் நாவால் சொல்லுதல் அம்மலையில் ஆகாது. சொன்னால் வயிறு வீங்கும் என்பது அம்மலை மக்களின் அச்சம். பூச்சியின் குடலை நுணுகி ஆராயும் ஜுஸ்தினா அதனை நம்பினாளா என்றால், நம்பவில்லை. சொன்னாளா என்றால், ஒருநாளும் சொன்னதில்லை.

நண்பகல் உணவின்போது முதியவர் மெல்லத் தொடங்கினார்.

"என்னம்மா மருமகளே, என் பேரு வெச்சாச்சா இல்லியா? சந்தையில பாதிப் பேர்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் மனைவி லுந்தாயா பம்பாங்கான் என்னும் காட்டுமாங்காய் ஊறுகாயை நகர்த்திவைத்துவிட்டுச் சீறினாள். "எழுதுனாலும் பேரு பேருதான். வயிறு வீங்குனா யாரு பாக்குறது? அதுவும் ஒரு பூச்சிக்காக!"

"லத்தீன்ல, கடைசியில ஒரு வால் சேத்து எழுதுவாங்கம்மா," என்றான் மகன் செவெரின். "அப்புறம் அது அப்பா பேரே இல்ல."

"அப்ப எதுக்குடா வெக்கிறது?" என்றார் கிந்தாவோங். "வால் இருந்தா என் பேரு இல்ல, வால் இல்லைன்னா இவ வயிறு வீங்கும். நல்லா இருக்குடா உங்க நியாயம்!"

எல்லோரும் சிரித்தனர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்கம்மா என்னை 'செவெரின் அப்பா'ங்குறா. நீ 'அப்பா'ங்குற. இவ 'மாமா'ங்குறா. பேரு சொல்லிக் கூப்பிட்டவன் எல்லாம் மண்ணுக்குள்ள போயிட்டான். போன மாசம் ஆஸ்பத்திரியில பேரு கேட்டாங்க, சட்டுனு எனக்கே வரல."

ஜுஸ்தினா சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். "வெச்சா நான் வாய்விட்டுச் சொல்ல முடியாதே மாமா. நான் வளத்த பூச்சிய நானே கூப்பிட முடியாது."

"அதுக்குக் காது இருக்கா?"

"இல்ல மாமா. இந்த வகைக்குக் காதும் கிடையாது, பாட்டும் கிடையாது."

"பின்ன என்ன? நீ கூப்பிட்டாலும் ஒண்ணுதான், கூப்பிடாட்டியும் ஒண்ணுதான். எனக்குத்தாம்மா காது இருக்கு."

அன்று மாலையே அவள் அப்பெயரை எழுதினாள். எழுதி முடித்தபின் தன்னையறியாமல் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மாதங்கள் சென்றபின் ஒரு காலையில், கடல்கடந்த குளிர்நாட்டிலிருந்து ஆய்விதழின் பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். அவள் கட்டுரை ஏற்கப்பட்டது என்று சொல்லி, அறிவிப்பில் படிக்க வேண்டுமாதலின், அப்பெயரை எவ்வாறு ஒலிப்பது எனக் கேட்டார். ஜுஸ்தினா திகைத்தாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவர் அவற்றைக் கூட்டி, அழுத்தம் மாறி, ஈற்றில் வாலொன்று தொங்க, உரக்க ஒலித்தார். தொலைபேசியின் ஒலிபெருக்கி வாயில்வரை கேட்டது. வாயிலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்த கிந்தாவோங், கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"ஓய்! இதோ வந்துட்டேன்!"

உள்ளே வந்து, அவளன்றி யாரும் இல்லாத அறையைச் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரும்மா கூப்பிட்டது? என்னையா, பூச்சியையா?"

ஜுஸ்தினா தொலைபேசியைக் காட்டினாள். "உங்களத்தான் மாமா."

"தப்பாச் சொல்றான். பரவால்ல, இன்னொரு தரம் சொல்லச் சொல்லு."

காரணம் அறியாத அந்த அயல்நாட்டார் குழம்பியபடியே மீண்டும் சொன்னார். முதியவரும் மீண்டும் "ஓய்" என்றார்.

இன்று அச்சிற்றுயிரை ஆராய்வோர் பல நாடுகளிலும் அப்பெயரைத் தத்தம் நாவுக்கேற்பச் சிதைத்துச் சொல்கின்றனர். இட்டவள் மட்டும் இன்றுவரை சொன்னதில்லை. பெயரை வாழ்விப்பது அதனைச் சொல்லும் நாவா, சொல்லாமல் காக்கும் நெஞ்சமா என்று கேட்டால், அவ்வூரில் நெடுங்காலம் இருந்தும், இதனை எழுதும் எனக்கு விடை தெளியவில்லை. பாசிக் கல்லின்மேல் அத்தத்துக்கிளி, தனக்கொரு பெயர் உண்டென்பதையே அறியாது, ஈரத்தை மேய்ந்துகொண்டிருக்கிறது.