எல்லாம் அணைச்சாச்சு

கணினி அன்றைக்கும் அதையேதான் சொன்னது. புதுப்பிப்பை நிறுவ முடியவில்லை, மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன, சற்றுப் பொறுக்கவும். பொறுப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் கணவர் இறந்ததிலிருந்து அதைத்தான் முழுநேர வேலையாகப் பார்க்கிறேன்.

சம்பளம் வரும் வேலை வேறு. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் வாங்கி, வீட்டிலிருந்தே கணினியில் தட்டச்சு செய்து தருகிறேன். யாருடைய சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வரும் திங்கட்கிழமையிலிருந்து பழைய சிஸ்டத்தில் ஓடும் கணினிகளை உள்ளே விடமாட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மேற்பார்வை பார்க்கும் பெண் தன்மையானவர். என் நிலைமை புரிகிறது என்று ஆரம்பித்து, புரியாதவர்கள் சொல்வதையே சொல்லி முடித்தார்.

இந்த வேலை போனால் வாடகை கட்ட வழியில்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டும். நானும் மகளும் என் அண்ணன் வீட்டுக்குப் போவோம், மாமனார் கொழுந்தன் வீட்டுக்குப் போவார். இரண்டு வீட்டிலும் இடத்தை ஒழித்துத் தயாராக வைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான். நாலு பேர் மூன்று பேராகி, அந்த மூன்று பேரும் இரண்டு திசையில் போக வேண்டியதுதான் பாக்கி.

இதை நினைத்தால் தூக்கம் வரக்கூடாது. எனக்கு வந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். தொட்டால் இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. நான் இன்னும் அழவில்லை என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு எழுந்து போனார்கள்.

கொழுந்தனுக்குக் கணினிதான் பிழைப்பு. வேறு ஊரில் இருக்கிறான். அவன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் செய்துகொண்டே போனேன். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லாமல் இருக்கலாம் என்றான். பழைய படங்களையெல்லாம், ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல், பென் டிரைவுக்கு மாற்றினேன். பிரிண்டரைக் கழற்றச் சொன்னான், கழற்றினேன். பாதியில் இறங்கிக் கிடந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கினேன். சிக்கலைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்யும் ஒன்று கணினிக்குள்ளேயே இருக்கிறது, அதையும் ஓடவிட்டேன். அது வெகுநேரம் யோசித்துவிட்டு, சிக்கல் இருப்பது உண்மைதான், ஆனால் சரிசெய்ய முடியவில்லை என்றது. துக்கம் விசாரிக்க வந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். அவர்களுக்காவது காபி போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

பகலில் அந்தக் கணினியில் நான் வேலை பார்க்க வேண்டும். அதனால் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பும்போது புதுப்பிப்பை ஓடவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் தோல்வி. படுக்கப் போகும்போது விட்டாலும் விடிந்தால் அதே கதை. வியாழக்கிழமை கொழுந்தனும் சலித்துப்போனான்.

"அண்ணி, அங்க நடுவுல கரண்ட் போகுதா?"

போவதே இல்லை என்றேன்.

"போற மாதிரிதான் தெரியுது. ப்ளக்ல ஓடுற கடிகாரம் ஏதாவது இருந்தா பாருங்க."

சமையலறையில் மைக்ரோவேவின் முகப்பில் நாலு பூஜ்யங்கள் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தன. தினமும் அதில்தான் பால் சுடவைக்கிறேன். மின்னுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கொழுந்தனிடம் சொன்னேன்.

 கரண்ட் வந்தால் கணினி தானாக எழுந்துகொள்ளும்படி தன் அண்ணன்தான் அமைத்து வைத்திருந்தான், அதனால்தான் நடுவில் அணைந்தது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது என்றான். என் கணவர் ஏன் அப்படி அமைத்தார் என்று அவன் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

என் கணவருக்கு சுவிட்ச் பைத்தியம். கல்யாணமான புதிதில் ஒருமுறை இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வெளியே போய்விட்டோம். மேசை கருகியதோடு போயிற்று. அன்றிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் சரி, படுக்கப் போனாலும் சரி, ஃப்ரிட்ஜ் ஒன்றைத் தவிர அத்தனை சுவிட்ச்சையும் அணைப்பார். சும்மா அணைக்க மாட்டார். ஹால், கிச்சன், பெட்ரூம், கம்ப்யூட்டர் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அணைப்பார். நானும் மகளும் படிக்கட்டில் கால்கடுக்க நிற்போம். "எல்லாம் அணைச்சாச்சா?" என்று நான் கீழேயிருந்து நக்கலாகக் குரல் கொடுப்பேன். "எல்லாம் அணைச்சாச்சு" என்று கலெக்டர் உத்தியோகம் கிடைத்தவர் போல இறங்கி வருவார்.

வெள்ளிக்கிழமை புதுப்பிப்பை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினேன். இறங்கிப் போகாமல் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றேன். வீட்டுக்குள் மாமனார் மட்டும்தான். நான் கிளம்பிய பிறகு நடக்கப் போய், நான் வருவதற்குள் திரும்பிவிடுவார். மகன் போனபிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு என்று எதுவும் இல்லை. சாப்பிடுங்கள் என்பேன், சாப்பிடுவார். சண்டை ஒன்றுமில்லை. பேசினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும்.

உள்ளே டக் என்று ஒரு சத்தம் கேட்டது. "ஹால்" என்றார். டக். "கிச்சன்." டக். "பெட்ரூம்."

நான் ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். கணினிக்குப் பக்கத்தில் குனிந்து, சுவிட்ச் மேல் விரலை வைத்திருந்தார். திரையில் கணினியை அணைக்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மூக்குக் கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. வெளியே போனாலும் இரவானாலும் இப்படி அணைத்து, வந்ததும் விடிந்ததும் திரும்பப் போட்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் எனக்கென்று வந்த முதல் உணர்ச்சி அதுதான். ஆனால் வாயைத் திறந்தபோது குரல் தட்டையாகத்தான் வந்தது. இந்தப் புதுப்பிப்பு முடியாவிட்டால் வேலை போய்விடும், வேலை போனால் வீடு போய்விடும், அவரைச் சின்ன மகன் வந்து கூட்டிப் போய்விடுவான் என்று வரிசையாகச் சொன்னேன். தட்டச்சு செய்கிற மாதிரியேதான் சொன்னேன். இதில் எதுவுமே அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருந்தால்தானே தெரியும்.

விரலை எடுத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையைப் பார்த்தார்.

"கடைசியா கெளம்புறவங்க அணைக்கணும்னு சொல்லுவான்ல" என்றார். "இப்ப கடைசியா கெளம்புறது நான்தானேம்மா."

 மகளுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

திரும்பி வந்தபோது கணினிக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. அன்றைக்கு நடக்கப் போகவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். மகள் பையைத் தொப்பென்று போட்டதற்கு, சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார், ஏதோ திரையில் குழந்தை தூங்குகிற மாதிரி. சதவிகிதம் நத்தையாக ஏறி, நூறைத் தொட்டு, அணைந்து, மீண்டும் எழுந்தது. கணினி வழியாக அலுவலக சிஸ்டத்துக்குள் நுழைந்து பார்த்தேன், மறுபேச்சில்லாமல் விட்டது. கொழுந்தனிடம் சொன்னபோது போன் காதைக் கிழிக்கிற அளவுக்குக் கத்தினான். மாமனார் நாற்காலியை எடுத்து அதன் இடத்தில் போட்டார். வீடு தங்கிவிட்டது. நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டியதைப் பார்க்கப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் எந்த சுவிட்ச்சையும் தொடவில்லை. சுவர்ப் பக்கம் போகும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆளில்லாத குளியலறையில் விளக்கு எரிந்தது, ஹாலில் மின்விசிறி சும்மா சுற்றியது. மைக்ரோவேவில் மகள் நேரத்தைச் சரிசெய்து வைத்தாள், அது மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடியது. எனக்குத்தான் அந்த மணியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் செருப்பு வாங்க மூன்று பேரும் கிளம்பினோம். நானும் மகளும் படிக்கட்டுக்கு வந்துவிட்டோம். மாமனார் வாசலில் நின்று தன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. உள்ளே எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்தே நின்றார். இவருக்கென்று மகன் விட்டுப்போனது இந்த ஒரு வேலைதான், அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"மாமா, எல்லாம் அணைச்சாச்சா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

டக். "ஹால்." டக். "கிச்சன்." கைப்பிடிக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்த மகள் தட்டுவதை நிறுத்தினாள். "பெட்ரூம்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "கம்ப்யூட்டர்." கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார்.

"எல்லாம் அணைச்சாச்சு" என்றார்.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே குரல். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. இரண்டு படி இறங்கினேன், மூன்றாவது படி கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடும் அளவுக்கு ஓவென்று அழுதேன். மகள் வந்து என்னோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

மாமனார் சாவியைக் கையில் பிடித்தபடி மேல்படியிலேயே நின்றார்.

"அழும்மா" என்றார். "கடை சாத்த இன்னும் நேரமிருக்கு."