ஒரு சாண் பாக்கி

சோலார் நிலையம் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், நாற்பத்து மூன்று கூலிக்காரர்களின் நிழல்கள் உரியவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போயின. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம் என்று அரை மணி ஒதுங்கின. நாலு மணிக்குத் திரும்பி வந்து அவரவர் காலடியில் சேர்ந்துகொண்டன. மேகம் மூடிய நாட்களில் போகவில்லை. மழை நாட்களில் முன்பும் அங்கே வேலை கிடையாது. இதை முதலில் கண்டுபிடித்தது மனிதர் யாருமல்ல, நிலையத்தின் மீட்டர்தான். பத்தில் ஒரு பங்கு மின்சாரம் தினமும் குறைந்தது. மத்தியானம் அரை மணி மட்டும் முழுசாக வந்தது. இளவயது இன்ஜினியர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோது, தகடுகளின் மேல் நாற்பத்து மூன்று நிழல்கள் வரிசை பிசகாமல் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தன. அவர் இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி ஏறி எண்ணினார். அதே நாற்பத்து மூன்று.

அது முன்பு பருத்திக் காடு. களையெடுக்கும் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. பிடித்த வரிசையை முடிக்காமல் யாரும் வரப்பேறக் கூடாது. இடி இடித்தாலும் சரி, இடுப்பு ஒடிந்தாலும் சரி. ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்து, வரிசையை முடித்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள். பிள்ளை வண்டியிலேயே பிறந்தது, அது வேறு விஷயம். அப்படிப்பட்ட கூட்டத்தை ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு மேஸ்திரி விசில் ஊதி, பாதி வரிசையில் எழுப்பிவிட்டார். நிலக்காரர் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று, எல்லாரும் வெளியேறுங்கள் என்றார். மறுநாளே மண் தள்ளும் இயந்திரங்கள் வந்து இறங்கின. கட்டி முடிக்கப் பதினோரு மாதம் ஆனது. அத்தனை நாளும் புழுதியில் இடம் பிடிபடாமல் நிழல்கள் பொறுத்திருந்தன போலும். தரை அடங்கி, தகடுகள் பளிச்சென்று நிமிர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டன.

கூட்டத்துக்குத் தலைவியாக இருந்தவளைச் சக்கரம் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளுடைய மாமியார் ஏசியது அப்படியே பெயராக நின்றுவிட்டது. ஆனால் அந்த ஓட்டமெல்லாம் வேலை முடியும்வரைதான். வரிசை முடிந்து வரப்பேறிவிட்டால் உட்கார்ந்த இடத்தில் மரக்கட்டையாகத் தூங்கக்கூடியவள். நிழல் வேலைக்குப் போகத் தொடங்கியபின் அந்தத் தூக்கம் போயிற்று. மற்றவர்களுக்கும் இதே கதிதான். உடம்பு வீட்டில் இருக்க, கை மட்டும் எதையாவது பிடுங்கிக்கொண்டே இருந்தது. பாயைக் கோரை கோரையாகப் பிரித்துப் போட்டார்கள். போர்வை நூலை உருவினார்கள். ஒருவர் தன் சொந்த மீசையைப் பாதிக்குமேல் பிடுங்கிவிட்ட பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தார். செய்யாத வேலையின் அசதி சாயங்காலம் எலும்பில் வந்து இறங்கும், தூக்கம் மட்டும் வராது.

சக்கரத்துக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவள் புருஷன் அதே காட்டில் இருபது வருஷம் பூச்சிமருந்து அடித்தவர். முதுகில் டப்பாவைச் சுமந்து அடித்த மருந்தில் பாதி பூச்சிக்கும் பாதி அவருக்குமாகப் போய், நெஞ்சு கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மூச்சு மெஷினைக் கொடுத்தனுப்பினார்கள். அது ஓடக் கரண்ட் வேண்டும். கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்குக் கிணற்று மோட்டார் கொட்டகையிலிருந்துதான் ஒரு கம்பி வந்துகொண்டிருந்தது. பருத்தி போனதும் மோட்டாரைக் கழற்றினார்கள், கம்பியையும் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஊருக்கெல்லாம் போகிற புதுக் கரண்ட் தலைக்கு மேலே உயரக் கம்பியில் விர்ரென்று போக, கீழே லைன் வீடுகள் சிம்னி விளக்குக்குத் திரும்பின. தினமும் இரண்டு வேளை அவள் புருஷனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, மெஷினை அவர் மடியில் வைத்து, பக்கத்து ஊர் மாவு மில்லுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மில்காரர் இரக்கக்காரர்தான். ஆனால் பதினோரு மாத இரக்கம் யாருக்கும் கனக்கும். அவர் முகம் சுருங்குவதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். "மாவு வாசனையிலயே சாகப்போறேன்" என்றார் புருஷன். "சும்மா கிடங்க. செத்தா வண்டி தள்ற வேலையும் எனக்குப் போயிடும்" என்றாள் அவள்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. தகடுகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். வேலியை இன்னும் இரண்டு அடி உயர்த்தினார்கள். நிழல்கள் வேலியை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில், பதினைந்து நாட்களுக்குள் தத்தம் நிழல்களை அப்புறப்படுத்திக்கொள்ளவேண்டும் என்று நாற்பத்து மூன்று பேருக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதை வாங்கிக்கொண்டு எல்லாரும் நிலைய அலுவலகத்துக்குப் போய் நின்றார்கள். பட்டப்பகலில் ஒருவர் காலடியிலும் நிழல் இல்லை. காவலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நாங்க கூப்பிட்டா வராது சார்" என்றாள் சக்கரம். "அதுக்கு இன்னும் வரிசை முடியல. எங்களை உள்ள விடுங்க, முடிச்சுக் குடுக்கறோம். எங்களுக்கும் கை நிக்கணும், உங்களுக்கும் கரண்ட் குறையாம வரணும். ஆனா முதல்ல வீட்டுக்குக் கம்பி வரட்டும்."

இன்ஜினியருக்கு வேறு ஒரு தலைவலியும் இருந்தது. தகடுகளுக்கு அடியில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. புல் வெட்டும் மெஷினை விட்டால் அது கல்லைத் தெறிக்கவிட்டுக் கண்ணாடியை உடைத்தது. கையால் களையெடுக்கிற நாற்பத்து மூன்று பேர் வாசலில் வந்து நிற்கும்போது மனுஷன் வேறென்ன செய்வார்? தலைமை அலுவலகத்தோடு ஒரு வாரம் போனில் மன்றாடினார். சவுக்குக் கம்புகளை நட்டு, கயிற்றால் கட்டி, ஒரு கம்பி லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. மெஷின் வீட்டிலேயே கொர்ரென்று ஓடத் தொடங்கிய அன்று மருந்தடித்தவர் ஒன்பது மணி நேரம் தூங்கினார். செத்துவிட்டாரோ என்று சக்கரம் நாலு தடவை மூக்கில் கை வைத்துப் பார்த்தாள்.

உள்ளே இறங்குவதற்கு முந்தின நாள் இன்ஜினியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார். புல் வேலையும் கம்பியும் வரிசைகள் முடிகிற நாள்வரைதான், அதற்குப் பிறகு பரிசீலிக்கப்படும் என்று இருந்தது.

"பரிசீலிக்கிறதுன்னா?"

"கம்பியைக் கழட்டிடுவாங்கம்மா."

அவள் அந்தச் சவுக்குக் கம்புகளைத் திரும்பிப் பார்த்தாள். "நாப்பத்து மூணு நிழலும் நின்னா கம்பெனி தாங்காது, இல்ல சார்? போலீஸை வெச்சு லைன் வீட்டையே காலி பண்ணிடுவாங்க." ஆமாம் என்றார். "ஒண்ணு நின்னா?" இன்ஜினியர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு நிழலுக்கு ஒரு தகடு. அதைத் தாங்கும் என்றார். அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

பருத்தியும் இல்லை, பாத்தியும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் தன் வரிசை விட்ட இடத்தைக் கால் விரலால் தடவியே கண்டுபிடித்துவிட்டார்கள். குனிந்து, தகடுகளுக்கு அடியில் நுழைந்து, இரும்புக் கால்களைச் சுற்றிக்கொண்டு, புல்லைக் கொத்தி வேரோடு எடுத்தார்கள். ஒருவர் வரப்பேறியதும் அவருடைய நிழல் தகட்டிலிருந்து வழுக்கி இறங்கி வந்து காலடியில் படுத்தது. அவரும் அங்கேயே படுத்துத் தூங்கினார். ஒன்பது நாட்களில் வேலியோரம் முழுக்கத் தூங்குகிற ஜனமாக இருந்தது. மீசைக்காரர் விட்ட குறட்டையில் காவலாளிக்குக்கூடக் கண் சொருகியது. ஒன்பதாம் நாள் மூன்றரை மணிக்குச் சக்கரத்தின் வரிசை மட்டும் மிச்சம். அதிலும் ஒரு சாண். அந்த ஒரு சாணில் ஒரே ஒரு புல் தூர்.

அவள் களைக்கொத்தை ஓங்கினாள். ஓங்கியபடியே நிறுத்தினாள். வாழ்நாளில் ஒரு களையை விட்டவளில்லை. விட்டவர்களைக் காடு அதிரத் திட்டியவள். அந்தப் புல்லை எடுத்துவிட்டால் போதும், வரப்பில் சாய்ந்தால் போதும், பழைய தூக்கம் அப்படியே வந்து அமுக்கும் என்று அவளுக்குத் தெரியும். உடம்பு முழுக்க அதற்குக் கெஞ்சியது. கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். நிழல் தகட்டின் மேல் குனிந்தபடியே நின்றது. அவள் அழுதாள், அழுதுகொண்டே நடந்தாள். தூங்காமல் இருந்த ஒன்றிரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சவுக்குக் கம்பில் போகிற கம்பியையும் பார்த்தார்கள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பிறகு வருஷங்கள் போயின. வேலை முடியாததால் கம்பி கழற்றப்படவில்லை. புல் வேலையும் அவர்கள் கையிலேயே நின்றது. சவுக்குக் கம்புகள் மழையில் உளுத்துப்போக, சிமெண்டுக் கம்பங்கள் வந்தன. லைன் வீடுகளில் மின்விசிறி சுற்றியது. எல்லாருமாகச் சேர்ந்து ஒரு மாவு மில்லே வைத்தார்கள். பழைய மில்காரர் ஆறு மாதம் அவர்களோடு பேசவில்லை. கம்பெனி ஒரு தடவை வெளியாள் ஒருவனை அனுப்பி அந்தப் புல்லைப் பிடுங்கவைத்தது. அது அவன் வரிசை இல்லையே, மறுநாளே புல் முளைத்தது, நிழல் அசையவில்லை. ஏழு இன்ஜினியர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே அவளைக் கூப்பிட்டு, "எப்பம்மா முடிப்பீங்க?" என்று கேட்பார்கள். "நாளைக்கு சார்" என்பாள்.

அவள் மட்டும் உட்காரவில்லை. தெருவில் நடந்தாள், மில்லைச் சுற்றி நடந்தாள், நின்றுகொண்டே சாப்பிட்டாள். நடந்த நடையில் லைன் வீடுகளைச் சுற்றி ஒரு பாதையே விழுந்துவிட்டது. கண்ணைச் சுற்றிக் கருத்து, கன்னம் ஒட்டிப்போயிற்று. மருந்தடித்தவர் குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, "போதும்டி. போய் அந்தப் புல்லை எடுத்துட்டு வந்து படு. நான் உயிரோட இருந்த வரைக்கும் போதும்" என்று பல தடவை சொன்னார். "முதல்ல அந்தக் குழாயை மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடுவாள். முதலில் போகவேண்டியவர் அவர்தான் என்று ஊரே நினைத்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் மில் பக்கம் நடந்துகொண்டிருந்தவள், நடந்த வாக்கிலேயே சரிந்து போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாற்பத்து இரண்டு பேரும் வேலியோரம் வந்து நின்றார்கள். அதில் சிலருக்குப் பதில் அவர்களுடைய மகன்களும் மருமகள்களும் நின்றார்கள். ஆளே போன பிறகு நிழல் ஏது, இனி கம்பியும் கிடையாது, வேலையும் கிடையாது என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. ஏழாவது இன்ஜினியர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மருந்தடித்தவரை மெஷினோடு அந்தப் பழைய தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். காவலாளி தன் அறையிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். வெயில் ஏறியது. கடைசித் தகட்டின் மேல், வழக்கமான இடத்தில், இடுப்பில் கொத்தோடு அவள் நிழல் வந்து குனிந்தது. புல் வரைக்கும் கையை நீட்டியது, எடுக்கவில்லை.

"இனிமேலாவது உக்காரேன்டி" என்றார் அவர். குழாயை மீறி அது எல்லாருக்கும் கேட்டது.

நிழல் உட்காரவில்லை. இன்ஜினியர் பதிவேட்டில் வழக்கம்போல ஒரு தகடு குறைவு என்று எழுதினார். ஜனங்கள் கொத்துகளை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். நாலு மணிக்கு நிழல் வேலியைத் தாண்டி, தெரு வழியாக, அவள் போட்ட அந்தப் பாதையிலேயே லைன் வீட்டுக்கு வந்தது. மருந்தடித்தவர் கதவைத் திறந்து வைத்திருந்தார்.