பதாகையின் ஒரு முனை

நேபாளத்து லும்பினியில் பதினோரு வருடமாக வழிகாட்டி வேலை பார்க்கும் சுனைனா அந்தக் காலையில் தப்பாக எதுவும் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து கோரக்பூர் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அசோகத் தூணைக் காட்டி, "புத்தர் பொறந்தது இங்கதான்னு ராஜாவே கல்லுல வெட்டி வச்சிருக்காரு" என்றாள். தொப்பி போட்ட ஒருவர் விடவில்லை.

"எடம் உங்களோடதா இருக்கலாம்மா. ஆளு எங்க ஆளு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாயாதேவி பிரசவத்துக்குத் தாய்வீடு போறப்ப நடுவழியில வலி கண்டுச்சுங்க. அன்னிக்கு நேபாளமும் கிடையாது, இந்தியாவும் கிடையாது. அந்தம்மா எந்த செக்போஸ்ட்டத் தாண்டுனாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் 'அன்னிக்கு நேபாளமும் கிடையாது' என்ற துண்டு மட்டும் ஊரெல்லாம் சுற்றியது.

வழிகாட்டிகள் சங்கத் தலைவர் கீம்லால் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மலைநாட்டுக்காரர், அவளைப் போல எல்லையோரச் சமவெளி ஆள் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார்.

"நான் உன்னை ஒண்ணும் சொல்லல தங்கச்சி. வெளிய நிக்கிறானுங்க பாரு, அவனுங்கதான் கேக்குறானுங்க, இவ எந்த ஊர்ப் பொண்ணுன்னு."

"இருபது வருஷமா இந்த ஊருதான். குடியுரிமைச் சீட்டு இருக்கு."

"கல்யாணத்தால வந்த சீட்டு" என்றார் அவர் மெதுவாக.

அவள் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். அண்ணன் ராம்கேவல் அங்கேதான் இருக்கிறான். 'புத்தர் வளர்ந்த கபிலவஸ்து இதுவே' என்று இந்தியா பலகை நட்டிருக்கும் மேட்டில் காவலாளி. இது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

போனைப் பார்த்து வாசிக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். 'புத்தர் நேபாளத்தில் பிறந்தார்.' ஆயிரம் தடவை அவளே சொன்னதுதான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த வரியில்தான் அவள் நிறுத்தினாள்: 'இந்தியர்கள் பொய்யர்கள்.' வீட்டுக்காரர் ஜோகன் பின்னால் நின்று, "சொல்லிட்டு வாயேன், நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றார். மூன்று முறை எடுத்தார்கள். மூன்றாவது முறை, "கொஞ்சம் சிரிச்ச முகமா" என்றான் படம் பிடித்தவன்.

மறுநாளே அண்ணன் போன் செய்தான்.

"பொய்யன் வந்துட்டான்டாங்கிறானுங்க, டூட்டிக்குப் போனா. உன் புண்ணியம்! வெள்ளிக்கிழமை பையன் கல்யாணத்துக்கு நீ வர வேணாம்."

"அண்ணே, ஊர்வலம் கெளம்புறப்ப மாப்பிள்ளைக்குக் கண்ணுல மை வைக்க வேண்டிய அத்தை நான்ல?"

"ஊர்ல வேற அத்தையே இல்லையா?"

வைத்துவிட்டான். ஆனால் மாப்பிள்ளைப் பையன் பிர்ஜேஷ் அவள் தோளில் தூங்கி வளர்ந்தவன். அப்பாவுக்குத் தெரியாமல் கூப்பிட்டான். "அத்தை, நீங்க எல்லை கேட் வரைக்கும் வாங்க. ஊர்வலம் கெளம்புறதுக்கு முன்னாடி நான் வந்துடுறேன். ரெண்டு நிமிசம் போதும்."

வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மைச்சிமிழை முந்தானையில் முடிந்து, ரிக்‌ஷாவில் ககரஹவா எல்லைக்குப் போனாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் சங்கத்தாரின் ஆர்ப்பாட்டம், ஒரே கூட்டம், கொடி, கோஷம். கீம்லால் அவளைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"நீயே வந்துட்டியா! பாருங்கப்பா, பட்டு கட்டிக்கிட்டு வந்திருக்கா! இவளத்தான்டா போலி நேபாளின்னீங்க?"

கைதட்டினார்கள். 'இந்தியர்கள் பொய்யர்கள்' என்று எழுதிய பதாகையின் ஒரு முனையை அவள் கையில் திணித்தார்கள். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன.

இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லாத பத்துக் கஜப் பொட்டலுக்கு அப்பால் பிர்ஜேஷ் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். மஞ்சள் வேட்டி, கையில் மஞ்சள் கயிறு. அவளைத் தேடிய கண், பதாகைக்குக் கீழே அவளைக் கண்டுபிடித்தது.

அவள் முனையை விட்டுவிட நினைத்தாள். விட்டால் அடுத்த வீடியோ. குடியுரிமைச் சீட்டு, வழிகாட்டி உரிமம், பத்தாவது படிக்கும் மகள், எல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடின. விரல்கள் துணியை இன்னும் இறுக்கிக்கொண்டன. அவளே அதைப் பார்த்து அதிர்ந்தாள்.

பையன் காத்திருந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பினான்.

கோஷம் ஓய்ந்ததும் அவள் கீம்லாலிடம் கேட்டாள். "அண்ணே, இப்ப நான் அந்தப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வரட்டுமா? அண்ணன் மகன் கல்யாணம்."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா? இப்பப் போனா நல்லாவா இருக்கும், எல்லாரும் படம் எடுக்குறானுங்க. நாளைக்குப் போயேன்."

"சரிண்ணே" என்றாள். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தாள்.