மூச்சு வந்தால் கனவு

நெட்டையனுக்குக் கொஞ்ச நாளாக ஒரே கனவு. தொட்டிலின் கயிறு அறுகிறது, அவன் விழுகிறான், தரை வருவதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. வேறொருவன் என்றால் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். இவனுக்கோ, உயரமான கட்டடங்களின் வெளிப்புறக் கண்ணாடியை இரும்புத் தொட்டிலில் தொங்கிக்கொண்டு துடைப்பதுதான் பிழைப்பு. மேலே போனாலே கை வெடவெடத்தது. போன வாரம் பாதியில் இறக்கச் சொல்லிக் கெஞ்சினான். மேஸ்திரி ஒரே வரியில் முடித்தார்: "இன்னொரு தடவை இப்படி இறங்குனா, அப்படியே வீட்டுக்குப் போயிடு."

இந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். வாரக்கடைசியில் ஏதோ வகுப்புக்குப் போனவன், திரும்பும்போது 'கனவு விழிப்புப் பயிற்றுநர்' ஆகிவிட்டிருந்தார். விசிட்டிங் கார்டுகூட அடித்தாயிற்று.

"கனவுக்குள்ளேயே இது கனவுன்னு தெரிஞ்சுட்டா பயம் போயிடும் மாமா. கயிறு அறுந்தா என்ன, பறந்துடலாம்."

"எப்படித் தெரியும்?"

"பகல்ல அடிக்கடி மூக்கைப் பிடிச்சு மூச்சு இழுத்துப் பாருங்க. பழகிட்டா கனவுலயும் கை தானா போகும். மூச்சு வந்தா கனவு. கனவுல கூட இருக்கறவங்க இது கனவில்லைன்னு சாதிப்பாங்க. நம்பாதீங்க, எல்லாம் நம்ம மனசு போடற வேஷம்."

"காபி ஆறுது குருவே," என்றாள் அவன் அக்கா.

நெட்டையன் நாளெல்லாம் மூக்கைப் பிடித்துப் பழகினான். திங்கட்கிழமை தொட்டில் ஏறியது. கூட இருந்தவன் வாயாடி என்று பட்டப்பெயர் வாங்கியவன். கீழே மேஸ்திரியின் மஞ்சள் தொப்பி சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியது. நெட்டையன் பயத்தில் வாயைப் பிளந்துகொண்டு இரைத்தான். பழகிய கை மூக்குக்குப் போனது. பிடித்தான், இழுத்தான். மூச்சு ஜில்லென்று வந்தது.

அப்படியானால் கனவு.

நடுக்கம் சட்டென்று நின்றது. சீட்டியடித்துக்கொண்டே இரண்டு வரிசைக் கண்ணாடியைத் துடைத்துத் தள்ளினான்.

"என்னடா, புது மாப்பிள்ளை மாதிரி சிரிக்கறே?" என்றான் வாயாடி.

நெட்டையன் துடைப்பானை வாளியில் போட்டுவிட்டு இடுப்பு பெல்ட்டின் கொக்கியில் கை வைத்தான்.

"அதை ஏன் தொடறே?"

"பறக்கப் போறேன்."

வாயாடி சிரித்தான். கொக்கி கழன்ற சத்தத்தில் சிரிப்பு நின்றது.

"டேய், இது கனவில்லடா."

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு மாப்ள சொன்னான்."

நெட்டையனின் ஒரு கால் கம்பிக்கு மேல் போனது. தொட்டில் சாய்ந்தது. பாய்ந்து பிடித்தால் ஆடுகிற ஆட்டத்தில் அவன் போயே விடுவான். வாயாடி நின்ற இடத்திலேயே, தூங்குகிறவனிடம் பேசுவது போல மெதுவாகக் கேட்டான்.

"சரி, கனவுதான். எப்படிக் கண்டுபிடிச்சே?"

"மூக்கைப் பிடிச்சும் மூச்சு வந்துச்சு."

வாயாடி அவன் முகத்தைப் பார்த்தான். அந்தப் பிளந்த வாயைப் பார்த்தான்.

"வாயை மூடிக்கிட்டா பிடிச்சே?"

நெட்டையன் தன் வாயைத் தொட்டுப் பார்த்தான்.

"எங்கே, மூடிக்கிட்டு ஒரு தடவை இழு. பறக்கறதுக்கு உனக்கென்ன அவசரம்."

நெட்டையன் வாயை மூடினான். மூக்கைப் பிடித்தான். இழுத்தான். ஒன்றும் வரவில்லை. காது அடைத்தது, கண் பிதுங்கியது. கீழே தெரு நிஜமாக, அவ்வளவு ஆழத்தில் கிடந்தது.

கால் உள்ளே வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டான். வாயாடி கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.

"இறக்கட்டுமா?"

மஞ்சள் தொப்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நெட்டையனின் கை பழையபடி நடுங்கியது. ஆனால் பக்கத்தில் பளபளத்த இரண்டு வரிசையையும் துடைத்தது அதே கைதான்.

"வேணாம். மிச்சத்தையும் முடிச்சுடலாம்."

நடுங்கிக்கொண்டே முடித்தான்.

சாயங்காலம் மைத்துனனை உட்காரவைத்துக் கேட்டான். "வாயை மூடணும்னு ஏன் சொல்லலே?"

"அது அடுத்த நிலைப் பாடம் மாமா."

"நீ இப்பவே மூடிப் பழகு," என்றாள் அக்கா.

நெட்டையன் கையமர்த்தினான். "இரு. கனவுன்னு நெனச்ச வரைக்கும் கை ஆடவே இல்லை. அந்தக் கயிறு அறுகிற கனவுலயும் அப்படி நிக்கணும். நாளைக்கும் நான் மேலே ஏறணும் மாப்ள. மிச்சப் பாடத்தையெல்லாம் விடாம சொல்லு."

பயிற்றுநர் திருதிருவென்று விழித்தார். அடுத்த நிலைப் பாடம் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவர் போயிருக்கவே இல்லை.