சபை மரியாதை

என் அக்காள் புருஷன் ஆர்ச்சிபால்ட் பர்விஸ் காலையிலிருந்து சிரித்துச் சிரித்துத் தாடை வலித்துப்போய் மேடையில் உட்கார்ந்திருந்தார். நகரசபைத் தலைவர் தேர்தல். ஒவ்வொருவனும் மேடை முன்னால் வந்து, யாருக்கு ஓட்டு என்று ஊர் கேட்க உரக்கச் சொல்வான், குமாஸ்தா எழுதிக்கொள்வார். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து கைகொடுத்து நன்றி சொல்ல வேண்டும். அன்று ஒருநாள்தான் முதலாளியின் கை சூடா, சில்லிப்பா என்று கூலிக்காரனுக்குத் தெரியவரும்.

எதிர்த்து நின்றவர் லாக்லன் கெடஸ். ஆற்றின் மேல்துறையில் சாராயக்கடையும் குதிரைலாயமும் அவருடையவை. புதுப் பாலம் வரப்போகிறது. யார் தலைவரோ அவர் வாசலில் பாலம். அது மேலே போய்விட்டால் கோதுமை வண்டி ஒன்றுகூடக் கீழ்த்துறைக்கு இறங்காது; அத்தானின் மாவு மில்லில் எலிகூடப் பட்டினி கிடக்கும்.

சாயங்காலம் கணக்கு சரிசமமாக நின்றது. பாக்கி, வேட்பாளர்கள் இருவருடைய ஓட்டும்தான். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொள்வதில்லை. எதிராளி பெயரைச் சொல்வதுதான் சபை மரியாதை. அப்படியும் சமமாகவே நிற்கும். சமமானால் முடிவு குமாஸ்தா கையில். அவரோ ஞாயிறுதோறும் அக்காள் வீட்டில் சாப்பிடுகிறவர்.

நான் அத்தான் காதருகே குனிந்தேன். "அத்தான், பேசாம உங்க பேரையே சொல்லிட்டு உக்காருங்க. மரியாதைய நாளைக்குப் பாத்துக்கலாம்."

"போ மச்சான். நான் அவன் பேரச் சொன்னா அவன் என் பேரச் சொல்லித்தான ஆகணும். இத்தன பேரு முன்னாடி மானங்கெடுவானா?"

எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கணீரென்று கெடஸ் பெயரைச் சொன்னார். சபை கைதட்டியது. கெடஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

பிறகு கெடஸ் தொண்டையைச் செருமினார்.

"லாக்லன் கெடஸ்," என்றார். "மன்னிச்சுக்கங்க பர்விஸ். இந்த நேரத்துக்கு வேற பேரு எதுவும் ஞாபகத்துக்கு வரல."

"அப்ப யாருக்குக் கைகுடுப்ப?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கெடஸ் தன் வலக்கையை இடக்கையால் பிடித்துத் தானே குலுக்கிக்கொண்டார். கூரை அதிர்ந்தது. எங்கள் மில் கூலிகளும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பில் உதடு துடித்தது. குமாஸ்தா மட்டும் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். மரியாதை தவறியவனைத் தண்டிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் எங்கள் சறுக்குவண்டியில் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்தார். கிளம்ப வழியில்லை. ஊர் வண்டிகள் எல்லாம் வரிசையாகக் கெடஸ் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. எங்களிடம் கோதுமை அரைக்கிறவர்களும் அதில் இருந்தார்கள். பழக்கதோஷம், அத்தான் ஒவ்வொரு வண்டிக்கும் தொப்பியைத் தூக்கி வணங்கினார். சிலர் பதிலுக்குத் தூக்கினார்கள். பிறகு அத்தான் தன் தொப்பியைத் தலையில் வைக்க மறந்து, மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. தொப்பிக்குள் பனி நிரம்பிக்கொண்டிருந்தது.