காய்க்காத ஏழு புதர்கள்

ஜூன் மாதம் பாதி போய்விட்டது. யெபீமின் ஏழு தேன்பெர்ரிப் புதர்களிலும் இலை மட்டும்தான். பனியைக் குறை சொல்ல வழியில்லை. சைபீரியக் குளிருக்கென்றே பிறந்த பூ அது, மே மாத உறைபனியில்கூட வாடாது. வண்டுகள் மொய்த்ததையும் கண்ணால் பார்த்திருந்தார்.

உள்ளே அவர் மனைவி கிளாஷா படுத்த படுக்கை. சர்க்கரை போட்டு மசித்த அந்த நீலப் பழம் மட்டும்தான் அவள் தொண்டையில் இறங்கும். நிலவறையில் இருந்த கடைசி ஜாடி ஏப்ரலிலேயே காலி.

வேலிக்கு அந்தப் பக்கம் களை பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரி ரிம்மாவிடம் வேறு வழியில்லாமல் கேட்டார். முன்பு நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தவள். போன இலையுதிர்காலத்திலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"ஏழும் ஒரே செடியில வெட்டி நட்டதுதானே?" என்றாள்.

ஆமாம். நாற்று விற்பவன் ஏமாற்றுவான் என்று, இருந்த ஒரு நல்ல செடியிலிருந்தே குச்சி வெட்டி ஏழாக்கியிருந்தார்.

"அப்போ அது ஏழு இல்ல, யெபீம் குஸ்மிச், ஒண்ணுதான். பக்கத்துல வேற ரகம் பூத்தாத்தான் காய்க்கும். இத்தனை வருஷமா என் செடி ரெண்டும் பூத்துச்சு, நீங்க பறிச்சீங்க. அதைத்தான் கயிறு பிடிச்சு அளந்து, எல்லை தாண்டிருச்சுன்னு தோட்டச் சங்கத் தலைவரைக் கூட்டிட்டு வந்து தோண்ட வச்சீங்க."

பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு யோசித்துப் பார்த்தார். அவள் செடி வைப்பதற்கு முன்னால் தன் புதரில் பத்துப் பழம் பார்த்ததில்லை.

அந்தச் செடிகள் எங்கே என்று கேட்டார். தங்கைக்குக் கொடுத்தாளாம், நட்ட இடத்தில் பட்டுப்போயின. புதிதாக வைத்தால் பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும் என்றாள். அதற்குமேல் அவளும் குத்திக்காட்டவில்லை. ரெண்டு வருஷம் கிளாஷாவிடம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் டவுன் சந்தைக்குப் போய், ஆயுளில் முதல்முறையாக, கண்ட பெண்பிள்ளையிடம் ஒரு குவளைப் பழம் வாங்கினார். மூன்று தடவை கழுவி, மசித்து, கரண்டியில் ஊட்டினார்.

கிளாஷா நாக்கில் வைத்து ருசி பார்த்தாள்.

"எங்க வாங்கினே?"

"நம்ம செடிதான்."

"நம்ம பழம் கடைசியில கசக்கும், யெபீம். இது வெறும் இனிப்பு." கைக்குட்டையில் துப்பினாள். "சந்தைப் பழத்தை எவ எந்தத் தண்ணியில அலசினாளோன்னு நாப்பது வருஷமா சொன்னது நீதானே. எனக்கு இறங்கல. நம்மது பழுக்கட்டும், அதுவரைக்கும் இருக்கேன்."

யெபீம் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஏழு புதர்களும் பச்சைப்பசேல் என்றிருந்தன.