பச்சைக் கட்டங்களுக்குள் ஓர் அப்பா

1

இந்தக் கதை எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கிடைத்தது. கீபோர்டை மாற்றப் போயிருந்தேன் (எழுதுகிற விசைகளைவிட அழிக்கிற விசைதான் முதலில் தேய்ந்தது). பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் கணவனிடம் சொன்னாள்: “டிஸ்க் நல்லாத்தான் இருக்காம். நீங்கதான் சரியில்ல.”

நான் கேட்டது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில், அவள் ஹார்ட் டிஸ்க்கை மார்போடு அணைத்தபடி—’

வேண்டாம். என் நாவல்களில் போதுமான அளவு மழை பெய்துவிட்டது.

இரண்டாவது: ‘ஓவர்கிளாக்கிங் என்பது—’

வாசகிகள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

நேராகவே சொல்கிறேன். அவள் கல்யாண வீடியோ எடிட்டர். வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. கல்யாணங்களைப் படம்பிடித்து, கேமரா கார்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது கணவன் வேலை. பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. குடும்பத்தில் அவனுக்கு ராக்கெட் என்று பெயர். மனைவி கம்ப்யூட்டர் முன்னால் கொட்டாவி விட்டுக் காத்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அவளிடம் சொல்லாமலே அதை ஓவர்கிளாக் செய்துவிட்டான். அதாவது, தயாரித்தவர்கள் வைத்த வேகத்தையும் தாண்டி ப்ராசஸரையும் மெமரியையும் ஓடவிட்டான். காதல்தான். என் நாவலாக இருந்தால் பூ வாங்கி வந்திருப்பான், சேதாரம் குறைவு.

3

(இங்கே என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுன்னு எழுதப் போறியா?”

“ஆமா. வேகம் தாங்காம.”

“தப்பு. டிஸ்க் அதோட வேகத்துலதான் சுத்தும். பெட்டி சூடானா ஆயுசு குறையலாம், அது வேற. இங்க தடுமாறுறது மெமரி. அது தப்பா குடுத்தா, டிஸ்க் தப்பையே பத்திரமா எழுதி வச்சுக்கும். பாவம், அதுக்கென்ன தெரியும்?”

“நான் ஒண்ணு சொல்ல, நீங்க உங்க அம்மாகிட்ட வேற ஒண்ணு சொல்ற மாதிரி.”

காபி போடப் போய்விட்டார்.)

4

அவர்கள் ஸ்டூடியோவில் ஒரு சட்டம் உண்டு: ஏற்றிய வீடியோவை முழுக்க ஓட்டிப் பார்க்காமல் கார்டை அழிக்கக் கூடாது. ராக்கெட் பார்க்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் ஏறிவிட்டதே என்ற பெருமையில் கார்டை அழித்து, அடுத்த கல்யாணத்தையும் அதிலேயே எடுத்துவிட்டான்.

அவள் திறந்து பார்த்தாள். மணமகள் சிரிக்கிறாள், மாப்பிள்ளை அசடு வழிகிறார், எல்லாம் சரி. மணமகளின் அப்பா மைக்கைப் பிடிக்கிறார். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியறியாத மனிதர், மகளைப் பற்றிப் பேசத் தொடங்கி, உதடு துடிக்க—

பச்சைக் கட்டங்கள். நடுவில் ஒரு மூக்கு. மறுபடியும் கட்டங்கள். சத்தமும் வெறும் கொரகொரப்பு.

மணமகள் போனில் கேட்டிருந்ததே அந்த இடத்தைத்தான். “அக்கா, நான் அழுத அழுகையில அப்பா என்ன சொன்னார்னே காதுல விழல. அதை மட்டும் வெட்டிடாதீங்க.”

“உனக்காகத்தானே செஞ்சேன்?” என்றான் ராக்கெட்.

“எனக்காகச் செய்றதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சா என்ன? ஊர்க்கதைக்கெல்லாம் அந்த வாய் ஓடுதே!”

இதற்குப் பிறகுதான் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

ராக்கெட்டைக் கெட்டவனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். முயன்றேன். ‘அவன் ஏளனமாகச் சிரித்—’ வரவில்லை. சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறவனை எப்படிச் சிரிக்கவைப்பது?

5

முடிவு ஒன்று: விருந்தாளி ஒருவரின் போனில் அந்தப் பேச்சு முழுதாக— (வெட்கமாக இருக்கிறது. போன நாவலில் தொலைந்துபோன தங்கையை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.)

முடிவு இரண்டு: அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள். (இன்னும் இரண்டு கல்யாணம் எடிட் ஆகாமல் கிடக்கிறது. போக மாட்டாள்.)

6

மணமகள் வீடியோவை வாங்க வந்தாள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அவள் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில் அப்பா எடிட்டர் பக்கம் குனிந்தார்.

“ஒரு உதவிம்மா. நான் மைக்ல பேசினேன்ல, அழுது தொலைச்சுட்டேன். சம்பந்தி வீட்டுல எல்லாரும் உக்காந்து பார்ப்பாங்க. அதை எடுத்துடுங்க. பொண்ணு கேட்டா, ஏதோ மெஷின் கோளாறுன்னு சொல்லிடுங்க.”

எடிட்டர் ராக்கெட்டைப் பார்த்தாள். இதைவிட நல்ல பொய் கிடைக்காது. போதாததற்கு அது உண்மையும்கூட.

மகள் உள்ளே வந்தாள். “அக்கா, அப்பா பேசினதை முதல்ல போடுங்க.”

அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். ராக்கெட் எழுந்து நின்றான். “அது வந்து, தங்கச்சி—”

7

இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று தடவை முயன்று அழித்துவிட்டேன். கோளாறு என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், அப்பா தப்பித்தார், ராக்கெட் தப்பித்தான், ஸ்டூடியோவின் பெயரும் தப்பித்தது. அந்தப் பெண் மட்டும், கோளாறு என்றைக்காவது சரியாகும் என்று நம்பி, கடைசிவரை கேட்காமலே இருந்துவிடுவாள். கார்டைத் தானே அழித்ததை ராக்கெட் சொன்னால் ஸ்டூடியோவின் பெயர் போகும். ஆனால் இனி அது கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்தால், அவள் அப்பாவை விடமாட்டாள். அங்கேயே, மைக் இல்லாமல், அவர் மறுபடி பேசியாக வேண்டும்.

குடும்பக் கதை எழுதுகிற எனக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் நான் எழுதுவதாக இல்லை.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நீங்களே சொல்லிவிடுங்கள் அவளிடம்.